மாற்கு நற்செய்தியின் ஈறு: ஒரு பாட ஆராய்ச்சி

புதிய ஏற்பாட்டில் மாற்கு இயற்றியதாக வழங்கும் நற்செய்தி பதினாறு அதிகாரங்களை உடையது. அதன் இறுதி அதிகாரத்தில் இன்று இருபது வசனங்கள் உள. இவற்றுள் முதலெட்டு வசனங்களைப் பற்றி ஆராய்ச்சியாளரிடையே பூசல் இல்லை. எஞ்சிய பன்னிரண்டும் மாற்கின் வாக்கா, பிற்காலத்தார் ஒருவர் சேர்த்த பகுதியா என்பதே வினா. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்த இவ்வினா, அச்சு நூல்களின் காலத்தில் சில நூற்றாண்டு உறங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் விழித்தது. அதன் வரலாற்றையும், இருதரப்புச் சான்றுகளின் வலிமையையும், பாடத்தைத் துணிந்தபின் பொருள்கோளில் நேரும் மாற்றத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

வினாவின் அருமை யாதெனின், நான்கு நற்செய்திகளுள் மாற்கினுடையதே காலத்தால் முந்தியது என்பது பெரும்பாலான அறிஞர் துணிபு. 1835-இல் இலாக்மன் நிகழ்ச்சிகளின் வரிசைமுறையை ஆராய்ந்து இதற்கு வழி கோலினார். 1863-இல் ஓல்ட்சுமன் அதனை விரித்தார். 1924-இல் திரீட்டர் வெளியிட்ட நூலால் அது நிலைபெற்றது. மத்தேயுவும் லூக்காவும் மாற்கின் நூலை முன்வைத்துக்கொண்டே தத்தம் நூலை எழுதினர் என்பது இக்கொள்கை. எனவே மாற்கு எட்டாம் வசனத்தோடு முடிந்தது என்போமாயின், இயேசுவின் வரலாற்றைக் கூறும் மிகப் பழைய நூலில், உயிர்த்தெழுந்த அவரை எவரேனும் கண்டதாக ஒரு காட்சியும் இல்லை என்பது பெறப்படும். வெறுங்கல்லறை உண்டு, அவர் எழுந்தார் என்னும் அறிவிப்பு உண்டு, கண்டோர் கூற்று இல்லை.

இதனைக் கேட்ட மாத்திரத்தே, உயிர்ப்பு நம்பிக்கையே பிற்காலத்துப் புனைவு என முடிவு கட்டுவாரும் உளர். அது பிழை. பவுல் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகம் மாற்கின் நூலுக்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டு முற்பட்டது. அதன் பதினைந்தாம் அதிகாரம், தாம் பெற்று வழங்கிய மரபு என்று சுட்டி, இயேசுவைக் கண்டோரை வரிசைப்படுத்துகின்றது. ஆகவே ஈண்டு ஆராயப்படுவது நம்பிக்கையின் பழமை அன்று. ஒரு நூலின் ஈறு எது என்பதே. இவ்விரண்டையும் மயக்கியதனாலேயே இவ்வாராய்ச்சியில் வேண்டாத சூடு ஏறியது.

எட்டாம் வசனம் வரையுள்ள செய்தியை முதற்கண் நினைவில் கொள்ளுதல் வேண்டும். ஓய்வுநாள் கழிந்த விடியலில் மூன்று பெண்டிர் நறுமணப் பொருள்களுடன் கல்லறைக்குச் செல்கின்றனர். கல் புரட்டப்பட்டிருக்கின்றது. உள்ளே வெள்ளாடை உடுத்த இளைஞன் ஒருவன், இயேசு எழுந்தார் என்றும், கலிலேயாவில் அவரைக் காணலாம் என்று சீடர்க்கும் பேதுருவுக்கும் உரைக்குமாறும் கூறுகின்றான். பெண்டிரோ நடுக்கமும் திகைப்பும் பற்ற ஓடிப்போகின்றனர். ஒருவர்க்கும் ஒன்றும் சொல்லவில்லை. அச்சமே காரணம் என்று கூறி வசனம் முடிகின்றது. அடுத்து வரும் பன்னிரண்டு வசனங்களில் இயேசு மகதலா மரியாளுக்குத் தோன்றுதலும், வழிநடந்த இருவர்க்குத் தோன்றுதலும், பதினொரு சீடரைக் கடிந்து உலகெங்கும் செல்லப் பணித்தலும், விண்ணேறுதலும் சொல்லப்படுகின்றன.

இனி ஏட்டுச் சான்றுகளைக் காண்போம். நமக்குக் கிடைத்துள்ள கிரேக்க விவிலிய ஏடுகளுள் மிகப் பழையனவும் பெரும்பாலும் முழுமையானவும் இரண்டு: வத்திக்கான் ஏடும் சீனாய் ஏடும். இரண்டும் நான்காம் நூற்றாண்டின. இரண்டும் எட்டாம் வசனத்தோடு மாற்கை முடிக்கின்றன. திசெந்தோர்ப் என்னும் செருமானிய அறிஞர் சீனாய் மலையிலுள்ள புனித கத்தரீனா மடத்தில் 1844-இல் சில தாள்களையும் 1859-இல் பெரும்பகுதியையும் கண்டார். உருசியப் பேரரசர் கைக்குச் சென்ற அவ்வேட்டைச் சோவியத்து அரசினர் 1933-இல் ஒரு நூறாயிரம் பவுனுக்குப் பிரித்தானியக் காட்சிச்சாலைக்கு விற்றனர். அதே மடத்தில் 1892-இல் ஆக்னசு சிமித்து உலூயிசு என்னும் அம்மையார் கண்டறிந்த பழஞ்சீரிய ஏடும் எட்டாம் வசனத்தோடே நிற்கின்றது. முதலில் எழுதிய நற்செய்தியைத் தேய்த்து அழித்து, அதன்மேல் பெண்பால் புனிதர் வரலாறுகளை எழுதிய தோற்சுவடி அது. அடியெழுத்து மங்கலாகத் தெரிந்தமையாலேயே நமக்கு எஞ்சியது.

வத்திக்கான் ஏட்டில் ஒரு நுட்பம் உண்டு. பக்கத்துக்கு மூன்று பத்தியாக எழுதப்பட்ட அவ்வேட்டில் மாற்கு இரண்டாம் பத்தியில் முடிகின்றது. நூல் முடிந்தவிடத்து அடுத்த பத்தியிலேயே அடுத்த நூலைத் தொடங்குவது அவ்வெழுத்தாளர் வழக்கம். ஈண்டோ மூன்றாம் பத்தி முழுதும் வெறுமையாக விடப்பட்டு, லூக்கா அடுத்த பக்கத்தில் தொடங்குகின்றது. புதிய ஏற்பாட்டுப் பகுதியில் இத்தகைய வெற்றுப்பத்தி வேறில்லை. தம் முன்னிருந்த மூலத்தில் இல்லாத ஒரு தொடர்ச்சி உண்டு என்பதை எழுதினோர் அறிந்திருந்தனரோ என ஐயுற இஃது இடந்தருகின்றது. எனினும் அறிந்திருந்தும் எழுதாது விட்டனர் என்பதே இதனால் போதரும். அவ்விடைவெளியை நீண்ட ஈற்றுக்குச் சான்றாகக் காட்டுவோர் இதனை எண்ணுவதில்லை.

மறுதரப்புச் சான்று தொகையால் மிகப் பெரிது. ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரிய ஏடும் பேசா ஏடும் நீண்ட ஈற்றை உடையன. பிற்காலத்துக் கிரேக்க ஏடுகளுள் மிகப் பெரும்பாலானவும் அவ்வாறே. அன்றியும் கி.பி. 180 அளவில் எழுதிய இரேனேயு, விண்ணேற்றம் பற்றிய பத்தொன்பதாம் வசனத்தை மாற்கின் முடிவில் உள்ளதெனவே குறிக்கின்றார். இஃது எளிதில் தள்ளத்தக்க சான்றன்று. நாம் கைக்கொண்டுள்ள ஏடுகளுக்கு இரு நூற்றாண்டு முன்னரே நீண்ட ஈறு வழங்கியது என்பது இதனால் உறுதி. ஆயினும் பழமை வேறு, முதன்மை வேறு. இரண்டாம் நூற்றாண்டில் வழங்கிய பகுதி இரண்டாம் நூற்றாண்டிலேயே சேர்ந்ததாகவும் இருக்கலாம். ஏடுகளை எண்ணிப் பாடத்தைத் துணிதல் ஆகாது என்பது நம் பதிப்பாசிரியர் நன்கறிந்தது. ஒரு மூலத்தின் வழிவந்த நூறு படிகள் ஒரே சான்றாகவே கொள்ளத்தகும். மூன்றாம் நூற்றாண்டின் செச்டர் பீட்டித் தாள்நாணற் சுவடி மாற்கின் சில அதிகாரங்களைத் தந்தும் பதினாறாம் அதிகாரத்தைத் தாராது போயிற்று.

நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செசரியா நகர்ப் பேராயராயிருந்த எவுசேபியுவிடம் மரீனு என்பார் ஒரு வினாவை விடுத்தார். மத்தேயுவின்படி ஓய்வுநாளின் பிற்பகுதியில் நிகழ்ந்ததாகத் தோன்றும் உயிர்ப்பு, மாற்கின்படி வாரத்தின் முதல்நாள் விடியலில் நிகழ்ந்ததாகக் கூறப்படுவது எங்ஙனம் என்பது அவ்வினா. எவுசேபியு இரு விடை கூறினார். மாற்கின் அப்பகுதி திருத்தமான படிகளில் இல்லையாதலின் அதனைக் கொள்ளாது விடலாம் என்பது ஒன்று. கொள்ளுவதாயின், 'எழுந்து' என்னும் சொல்லை அடுத்து நிறுத்திப் படித்து, விடியல் என்பதைத் தோன்றுதலோடு இயைத்து முரணை நீக்கலாம் என்பது மற்றொன்று. சொற்பிரிப்பால் உரை வேறுபாட்டைத் தீர்க்கும் முறை நம் உரையாசிரியர்கட்கும் புதிதன்று. நற்செய்திகளின் ஒப்புமைப் பகுதிகளைக் காட்ட எவுசேபியு வகுத்த எண்முறையும் முதலில் எட்டாம் வசனத்துக்கு மேற் செல்லவில்லை. பின்னர் எரோணிமு, எதிபியா என்னும் அம்மையார்க்கு எழுதிய மடலில், கிரேக்கப் படிகளுள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அப்பகுதி இல்லை என்றே எழுதுகின்றார். அவர் எவுசேபியுவைத் தழுவி எழுதினார் ஆதலின் அதனைத் தனிச்சான்றாகக் கொள்ளுதல் மிகை. தாம் திருத்தமுற அமைத்த இலத்தீன் நற்செய்திகளில் அவர் அப்பகுதியை விலக்கவும் இல்லை.

ஏடுகளைவிட வலிய சான்று நூலினுள்ளேயே இருக்கின்றது. எட்டாம் வசனத்தின் எழுவாய் பெண்டிர். ஒன்பதாம் வசனமோ எழுவாயைக் கூறாமலே, எழுந்து தோன்றினார் என்று தொடங்குகின்றது. இயேசுவின் பெயர் அங்கு இல்லை. முன் வசனத்தோடு சேர்த்துப் படித்தால் வினைக்கு வினைமுதல் பொருந்தாது. எழுவாய் வெளிப்பட நின்ற வேறொரு கட்டுரையிலிருந்து எடுத்து ஒட்டிய பகுதி என்பது இதனாற் புலனாம். மேலும் மகதலா மரியாள் அவ்வதிகாரத்தின் முதல் வசனத்திலேயே வந்தவர். ஒன்பதாம் வசனம் அவரை அப்பொழுதுதான் அறிமுகப்படுத்துவதுபோல, ஏழு பேய்கள் நீங்கப்பெற்றவர் என அடைமொழி தருகின்றது. ஏனைய இரு பெண்டிரும் ஓடியவர் ஓடியவரே. அவர்களைப் பற்றிப் பின்னர்ப் பேச்சில்லை. கலிலேயாவில் காண்பீர் என்ற வாக்கு பதினான்காம் அதிகாரத்திலும் பதினாறாம் அதிகாரத்திலும் இருமுறை கூறப்பட்டும், நீண்ட ஈற்றில் கலிலேயா என்னும் பெயரே இல்லை.

சொல்லாட்சியும் இதற்குத் துணைநிற்கின்றது. செல்லுதலைக் குறிக்கும் 'பொரேயுஓமை' என்னும் தனிவினை இப்பன்னிரண்டு வசனங்களில் மும்முறை வருகின்றது. மாற்கின் ஏனைப் பகுதியில் அது முன்னொட்டுப் பெற்றல்லது வருவதில்லை. காணுதலைக் குறிக்கும் சொல்லும், நம்பாமையைக் குறிக்கும் வினையும், ஆண்டவராகிய இயேசு என்னும் வழக்கும் அத்தகையனவே. நடையும் வேறு. மாற்கு ஒரு நிகழ்ச்சியை விரிவாகவும் கண்முன் நிறுத்தியும் சொல்லுபவர். ஈண்டோ பல நிகழ்ச்சிகள் பொருளடக்கம்போலச் சுருங்கி வருகின்றன. யோவான் கூறும் மரியாளின் காட்சி, லூக்கா கூறும் எம்மாவு வழிப்பயணம், மத்தேயு கூறும் கட்டளை ஆகியவற்றின் சாயல் அடுத்தடுத்துத் தோன்றுகின்றது. நான்கு நற்செய்திகளும் ஒருங்கே வழங்கத் தொடங்கிய இரண்டாம் நூற்றாண்டில் அவற்றைக் கற்ற ஒருவர் தொகுத்தது இப்பகுதி எனக் கெல்லோபர் 2000-இல் வெளியிட்ட விரிந்த ஆராய்ச்சி நிறுவுகின்றது. நஞ்சுண்டும் ஊறுறாமை நற்செய்திகளில் வேறெங்கும் இல்லாதது. யூசுத்து என்னும் சீடர் நஞ்சுண்டும் கேடுறவில்லை எனப் பப்பியா கூறியதாக எவுசேபியு குறிக்கும் மரபு அதற்கு அண்மையது.

10-ஆம் நூற்றாண்டின் ஆர்மீனிய ஏடு ஒன்றில் (கி.பி. 989) நீண்ட ஈற்றின் தலைப்பில் 'அரிசுதோன் என்னும் மூப்பர்' என்ற குறிப்புக் காணப்படுகின்றது. ஆசிரியர் பெயரே கிடைத்துவிட்டது எனச் சிலர் மகிழ்ந்தனர். எண்ணூறு ஆண்டு பிற்பட்ட ஒரு தனிக்குறிப்பின்மேல் அவ்வளவு பாரத்தை ஏற்றுதல் எமக்கு உடன்பாடன்று.

நீண்ட ஈறு ஒன்றே வழங்கியது எனவும் எண்ணற்க. இன்றைய துரின் நகரத்தில் உள்ள பொபியோ மடத்துப் பழைய இலத்தீன் ஏடு வேறொரு குறு ஈற்றைத் தருகின்றது. பெண்டிர் பேதுருவைச் சார்ந்தோர்க்குச் செய்தியைச் சுருங்கக் கூறினர் என்றும், பின் இயேசு சீடர் வாயிலாகக் கீழ்த்திசை முதல் மேற்றிசை வரை அழியா நற்செய்தியை அனுப்பினார் என்றும் அது கூறும். ஒருவர்க்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை அடுத்து இது வருதல் முரண் அன்றோ? அவ்வேட்டை எழுதினோர் முரணை உணர்ந்து, முன்னைத் தொடரையே நீக்கிவிட்டனர். சில கிரேக்க ஏடுகள் குறு ஈற்றையும் நீண்ட ஈற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தருகின்றன. 1906-இல் பிரீயர் என்பார் எகிப்தில் வாங்கி இன்று வாசிங்டனில் உள்ள ஏடு, நீண்ட ஈற்றின் பதினான்காம் வசனத்தை அடுத்துச் சீடரின் மறுமொழியும் இயேசுவின் விடையுமாக ஒரு புதுப்பகுதியைச் செருகியுள்ளது. எரோணிமு அதனை அறிந்திருந்தார். ஈறு குறைந்தது என்ற எண்ணம் எழுந்தவிடத்து அதனை நிரப்பப் பல கைகள் முயன்றமை இவற்றால் தெரிகின்றது. மூலத்தில் ஒரு முழு ஈறு இருந்திருப்பின் இத்துணைப் பாடங்கள் தோன்ற இடமில்லை. எம் கருத்தில் இதுவே அனைத்தினும் தலையாய சான்று.

நீண்ட ஈற்றுக்காக வாதிட்டோருள் தலைசிறந்தவர் பர்கன். 1871-இல் அவர் வெளியிட்ட நூல் அத்தரப்பின் அரண். வழிபாட்டில் படிக்கும் பகுதி முடியுமிடத்தைக் காட்ட ஏட்டில் இட்ட 'முடிவு' என்னும் குறியை நூல்முடிவு எனப் பிறழ உணர்ந்து எழுத்தாளர் நிறுத்தினர் என்பது அவர் கூற்றுகளுள் ஒன்று. கூர்மையான கருத்தே, ஆயின் அவ்வகைக் குறிகள் நமக்குக் கிடைக்கும் ஏடுகளில் பிற்காலத்தன. 1881-இல் வெசுகோட்டும் ஓர்ட்டும் வெளியிட்ட கிரேக்கப் பதிப்புக்குப் பின் அறிஞருட் பெரும்பாலார் மறுதரப்பையே சார்ந்தனர். 1974-இல் பார்மர் மீண்டும் பர்கனின் பக்கம் நின்று எழுதினார்.

நீண்ட ஈறு மாற்கினது அன்று எனத் துணிந்தபின் அடுத்த வினா எழுகின்றது. மாற்கு எட்டாம் வசனத்தோடு முடித்தாரா? அன்றி அவர் எழுதிய ஈறு அழிந்ததா? சுவடியின் முதலும் ஈறுமே முதலில் சிதைவன. பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம்பத்தும் நமக்குக் கிடையாமையை அறிந்தோர் இதனை எளிதில் ஒப்புவர். திரீட்டர் உள்ளிட்ட பலர் இவ்வாறே கருதினர். மத்தேயுவும் லூக்காவும் எட்டாம் வசனம் வரை மாற்கைத் தழுவி வந்து, அதன்பின் ஒருவரோடொருவர் ஒவ்வாது பிரிகின்றனர். அவர்கள் கையிலிருந்த படியும் அவ்விடத்தோடு நின்றது என்பதே இதன் பொருளாகலாம். அங்ஙனமாயின் அழிவு நூல் தோன்றிய சில ஆண்டுகளுக்குள், படிகள் பரவுமுன் நேர்ந்திருத்தல் வேண்டும். ஆசிரியரும் அவரைச் சூழ்ந்தோரும் உயிரோடிருந்த காலத்தில் அழிந்த ஏட்டை மீண்டும் எழுதாது விட்டனர் என்பது நம்பத்தக்கதாயில்லை.

எட்டாம் வசனத்தோடு முடிதல் இயலாது என்போர் இலக்கணத் தடை ஒன்றைக் காட்டுவர். அவ்வசனத்தின் ஈற்றுத்தொடர் கிரேக்கத்தில் 'எபொபூன்டோ கர்' என்னும் இருசொல்லாலானது. 'கர்' என்பது காரணப்பொருள் தரும் இடைச்சொல். அது தொடரின் முதலில் வாராது, இரண்டாம் இடத்தே நிற்கும். எனவே இருசொல் தொடர் 'கர்' என்று முடிதல் இயல்பே. ஆதியாகமத்தின் பழங்கிரேக்க மொழிபெயர்ப்பில் சாராள் அஞ்சியதைக் கூறும் தொடர் அவ்வாறே அமைந்துள்ளது. தொடர் முடியலாம், நூல் முடியலாமோ என்பர். வான் டெர் ஓர்சுடு 1972-இல் இதனை ஆராய்ந்து, புளோதினுவின் கட்டுரை ஒன்று 'கர்' என்றே முடிவதை எடுத்துக்காட்டினார். நம் அகவற்பா பெரும்பாலும் ஏகாரத்தால் இறுவதாகலின், ஏகாரம் இல்லாதவிடத்து ஈறு சிதைந்ததென ஐயுறுகின்றோம். கிரேக்க உரைநடைக்கு அத்தகைய ஈற்றுமரபு இல்லை. ஆதலின் இலக்கணத் தடை நீங்கியது. எஞ்சுவது பொருள்பற்றிய தடையே.

பொருள்பற்றிய தடைக்கு விடை மாற்கின் நூலெங்கும் கிடக்கின்றது. புயல் அடங்கியபோது சீடர் அஞ்சினர். இயேசு தம் சாவைப்பற்றி உரைத்தபோது கேட்க அஞ்சினர். எருசலேம் நோக்கி நடந்தபோதும் பின்தொடர்ந்தோர் அஞ்சினர். தெய்வச் செயலை எதிர்ப்பட்டோரின் முதல் நிலை அச்சமே என்பது இந்நூலின் போக்கு. மேலும் ஒன்று. முற்பகுதியில் நலம்பெற்றோர் பலரை, யார்க்கும் சொல்லாதே என இயேசு கட்டளையிடுகின்றார். அவர்களோ ஊரெங்கும் சொல்லுகின்றனர். 1901-இல் உரேடே இம்மறைப்பை நூலின் திறவுகோலாகக் காட்டினார். ஈற்றிலோ சொல்லுக என்ற கட்டளை பிறக்கின்றது, பெற்றோர் வாய்திறக்கவில்லை. இம்முரண் தற்செயலாக நேர்ந்த சிதைவினால் விளைந்தது எனல் பொருந்தாது. இலைட்புட்டு 1938-இலும் 1950-இலும் எழுதிய நூல்களில் எட்டாம் வசனமே ஆசிரியர் கருதிய முடிவு என வாதிட்டார்.

கலிலேயாவில் காண்பீர் என்ற வாக்கு நிறைவேறக் காட்டாது ஒரு நூல் முடியுமோ எனின், மாற்கில் அவ்வாறு நிற்கும் வாக்குகள் வேறும் உள. முதல் அதிகாரத்தில் யோவான், தமக்குப்பின் வருபவர் தூய ஆவியால் திருமுழுக்களிப்பார் என்கின்றார். அது நூலினுள் எங்கும் நிகழவில்லை. பதின்மூன்றாம் அதிகாரம் கூறும் மானிட மகனின் வருகையும் அத்தகையதே. இயேசுவின் சொல் நிறைவேறும் என்பதைக் கற்போர் நூலின் ஏனைப் பகுதிகளிலேயே கண்டுவிட்டனர். பேதுரு மும்முறை மறுத்ததும் அவர் கூறியபடியே நடந்தது. ஆகலின் இறுதி வாக்கைக் காட்டாது நிறுத்துதல் இவ்வாசிரியர்க்குப் பொருந்தாத செயலன்று. ஆயினும் சொல்லாத பெண்டிரிடமிருந்து இச்செய்தி மாற்குக்கு எவ்வாறு வந்தது என்னும் ஐயம் நிற்கவே செய்கின்றது. அவர்கள் வழியிடை எவரோடும் பேசாது விரைந்தனர் என்பதே கருத்து என்று சிலர் அமைதி கூறுவர். மத்தேயு அச்சத்தோடு பெருமகிழ்வையும் சேர்த்து, அவர்கள் சீடர்க்கு உரைக்க ஓடினர் என மாற்றினமை, அவர்க்கே மாற்கின் தொடர் அவ்வளவு எளிதாய்ப் படவில்லை என்பதைக் காட்டும்.

இவ்வாராய்ச்சி ஏட்டறையோடு நிற்பதன்று. பதினெட்டாம் வசனம் பாம்புகளைக் கையிலெடுத்தலைக் கூறுகின்றது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைநாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் சில சபையார் இதனைக் கட்டளையாகக் கொண்டு வழிபாட்டில் நச்சுப்பாம்புகளை ஏந்தி வருகின்றனர். அவ்வழக்கத்தைப் பரப்பியோருள் முதன்மையான சார்ச் வென்ட் என்சுலி 1955-இல் புளோரிடாவில் பாம்பு தீண்டி இறந்தார். இரண்டாம் நூற்றாண்டுத் தொகுப்பாசிரியர் ஒருவரின் சொல்லா, மாற்கின் சொல்லா என்ற வேறுபாடு அங்கு எவர்க்கும் எட்டவில்லை.

திருச்சபைகள் நடந்துகொண்ட முறையும் கருதத்தக்கது. 1546-இல் திரெந்துச் சங்கம் இலத்தீன் விவிலிய நூல்களை அவற்றின் எல்லாப் பகுதிகளோடும் திருநூலாக ஏற்றது. 1912-இல் உரோமை விவிலியக் குழு, இவ்வசனங்கள் மாற்கின அல்ல என்பதற்குக் காட்டும் காரணங்கள் போதா என அறிவித்தது. பின்னர்க் கத்தோலிக்க அறிஞர் இரண்டையும் பிரித்துணர்ந்தனர்: திருநூலின் பகுதியாதல் ஒன்று, மாற்கே எழுதியதாதல் மற்றொன்று. இப்பிரிப்பு நமக்குப் புதிதன்று. பாரதம் பாடிய பெருந்தேவனாரின் கடவுள் வாழ்த்துப் பாடல்கள் தொகைநூல்களின் தலைப்பில் பின்னர்ச் சேர்ந்தன என அறிந்தும் அவற்றை நாம் பதிப்பினின்று நீக்குவதில்லை. திருத்திய ஆங்கில மொழிபெயர்ப்பொன்று 1946-இல் இப்பன்னிரண்டு வசனங்களை அடிக்குறிப்பில் ஒதுக்கியது. 1971-இல் மீண்டும் மேலேற்றி இடைவெளி விட்டு அச்சிட்டது. இன்றைய கிரேக்கப் பதிப்புகள் இரட்டைப் பகரங்களுள் அடைத்துத் தருகின்றன.

தமிழில் முதன்முதல் அச்சேறிய நற்செய்திகள் 1714-இல் தரங்கம்பாடியில் வெளிவந்தன. சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் நிறைவுற்றது. அக்காலத்து ஐரோப்பாவில் வழங்கிய கிரேக்க அச்சுப்பாடம், எராசுமு 1516-இல் தொடங்கிவைத்த மரபினது. பிற்கால ஏடுகள் சிலவற்றையே அடிப்படையாகக் கொண்டது. நீண்ட ஈற்றை உடையது. சீனாய் ஏடு பாலைநிலத்து மடத்தில் கிடந்தது. வத்திக்கான் ஏட்டின் பாடம் முழுதும் அறிஞர் கைக்கு எட்டாதிருந்தது. ஆதலின் தமிழில் மாற்கு இருபது வசனங்களோடே வந்தது. பழைய மொழிபெயர்ப்புகளின் பதினாறாம் அதிகாரத்தை ஆராயப் புகும் மாணவர், எட்டாம் வசனத்துக்கும் ஒன்பதாம் வசனத்துக்கும் இடையே எழுவாய் மாறுமிடத்தை மொழிபெயர்த்தோர் எவ்வாறு கையாண்டனர், இயேசு என்னும் பெயரைத் தாமே வருவித்துச் சேர்த்தனரா என்பதை ஒப்புநோக்குதல் நன்று. கிரேக்கத்தில் தெரியும் ஒட்டு தமிழில் மறைந்துவிட்டதா என்பது அவ்வொரு சொல்லால் வெளிப்படும்.